தடி முந்தட்டும், பெயர் பிந்தட்டும்

கொழும்பின் வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முற்றம் வைத்த பழைய வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. ஒரு வீடு கைமாறியதும் கதவு, யன்னல், ஓடு, மரச்சாமான் என்று எல்லாவற்றுக்கும் விலை பேச ஆள் வந்துவிடும். மதிலோரத்தில் நிற்கும் ரோசாச் செடியை மட்டும் யாரும் கேட்பதில்லை. தொடர்மாடிக்கு அத்திவாரம் வெட்டும் நாளில் அது மண்ணோடு மண்ணாகப் போகிறது. கொட்டாஞ்சேனையின் பழைய வளவுகளிலும் இதுதான் நடக்கிறது. அந்தச் செடி யார் நட்டது, எங்கிருந்து வந்தது, என்ன பெயர் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அம்மம்மா காலத்தில் இருந்து நிற்கிறது என்று மட்டும் சொல்வார்கள்.

அந்த ஒரு வரி பெரிய செய்தி. கொழும்பில் ஒரு ரோசா முப்பது, நாற்பது ஆண்டுகள் உரமும் மருந்தும் இல்லாமல் நின்று பூக்கிறதென்றால், கடையில் வாங்கும் எந்தப் புதுக் கன்றிலும் உறுதியில்லாத ஒரு குணம் அதனிடம் இருக்கிறது. பெயர் தெரியவில்லை என்பதற்காக அதை இழக்கக்கூடாது. ஒரு கத்தரிக்கோலும் ஒரு போத்தலும் ஒரு பிடி மணலும் இருந்தால் அதைக் காப்பாற்றிவிடலாம்.

கொழும்பு ரோசாவுக்கு ஏன் கடினம்?

உலகில் இயற்கையாக வளரும் ரோசா இனங்கள் சுமார் 150. அவை அனைத்தும் வட அரைக்கோளத்துக்கு உரியவை. பெரும்பாலானவை குளிர்காலம் உள்ள நாடுகளில் தோன்றியவை. தென்னிந்தியாவில் காட்டு ரோசா உண்டா என்றால் உண்டு. நீலகிரி, பழனி மலைகளில் வெள்ளைப் பூப் பூத்துக் கொடியாக ஏறும் ஓர் இனம், புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தை நடத்திய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரால் ரோசா லெஷனோல்டியானா என்று அழைக்கப்படுகிறது. அதுவும் மலைக் குளிரை நாடிப் போனதுதான்.

கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. வளியில் எப்போதும் ஈரம். ரோசா இலையில் கரும்புள்ளி நோயைத் தரும் டிப்ளோகார்ப்பன் என்ற பங்கசு, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருந்தால் உள்ளே நுழைந்துவிடும். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழைக் காலத்தில் இங்கே இலை காய்வதே அரிது. புள்ளி விழுந்த இலை மஞ்சளாகி உதிரும். இலை உதிர்ந்த செடி புதுத் தளிருக்காகச் சேமிப்பைச் செலவழிக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் இப்படியே போனால் சேமிப்புத் தீர்ந்து தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வரும்.

1861இல் கொயினா மரங்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தாவரவியல் தோட்டம் இன்று ரோசாக்களுக்குப் பெயர் பெற்றிருக்கிறது. நுவரெலியாவின் குளிர் அதற்குத் துணை. அங்கு பெரிய பூவைக் கண்டு ஆசைப்பட்டுக் கொண்டுவரும் கன்றுகள் கொழும்பில் ஓரிரு ஆண்டுகளில் மெலிந்து போவது ஏன் என்பது இப்போது விளங்கும். அதே கொழும்பில் பல பத்தாண்டுகள் நின்ற செடி, வெப்பத்தையும் பங்கசையும் கடற்காற்றையும் தாங்கித் தேறியது.

குளிர் இல்லாமல் பூக்கும் இரகசியம்

காட்டு ரோசாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தடவைதான் பூக்கும். அவற்றில் கே.எஸ்.என். எனப்படும் ஒரு பரம்பரையலகு, வசந்தத்தில் பூத்து முடிந்ததும் விழித்துக்கொண்டு, புதிய தளிர்கள் மொட்டாக மாறாமல் தடுக்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் அடங்கும். அடுத்த வசந்தத்தில் செடி மறுபடி பூக்கும். குளிர்காலமே இல்லாத கொழும்பில் இப்படிப்பட்ட செடி இலையாக வளரும். பூவைக் காண்பது அரிது.

சீனத்துத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓய்வில்லாமல் பூக்கும் ரோசாக்களை வளர்த்து வந்தார்கள். காரணம் 2012இல் தெளிவானது. இடம்பெயரும் டீ.என்.ஏ. துண்டு ஒன்று அந்தத் தடைப் பரம்பரையலகின் நடுவே புகுந்து அதைச் செயலிழக்க வைத்திருந்தது. தடை போனதால் ஒவ்வொரு தளிரும் நுனியில் பூவோடு முடிகிறது. சீன ரோசாவான ‘ஓல்ட் பிளஷ்’ என்ற இளஞ்சிவப்பு வகையின் முழு மரபணுத் தொகுதியும் 2018இல் வெளியிடப்பட்டது.

இந்தச் சீன ரோசாக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. வழியில் கல்கத்தாவில் தங்கிச் சென்றதால் பிரெஞ்சுக்காரர் அவற்றை ‘வங்காள ரோசா’ என்றே அழைத்தார்கள். ஐரோப்பாவின் தோட்டங்களில் இன்று மீண்டும் மீண்டும் பூக்கும் ரோசாக்களில் பெரும்பாலானவை இந்தச் சீன வழியின் வாரிசுகள். இந்து சமுத்திரக் கரையோரத்துக்கும் இதே கப்பல்கள் வழியாக ரோசாக்கள் பரவின. ஆகவே கொழும்பின் பழைய வீடு ஒன்றில் ஓயாமல் பூக்கும் செடி நின்றால், அதன் வம்சத்தில் எங்கோ ஒரு சீன ரோசா இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

பன்னீர் ரோசா உண்மையில் எது?

நம்மவர் வீடுகளில் மிகவும் கொண்டாடப்படுவது பன்னீர் ரோசா. இளஞ்சிவப்பு, நடுத்தர அளவு, இதழ்கள் சீக்கிரம் உதிரும், வாசனையோ முற்றம் நிறைக்கும். பெயரைக் கேட்டவர்கள் இதைப் பன்னீர் வடிக்கும் டமாஸ்க் ரோசா என்றே எண்ணுவார்கள்.

அசல் டமாஸ்க் ரோசா வேறு. பல்கேரியாவிலும் வட இந்தியாவின் கன்னோசியிலும் அத்தர் வடிக்க வளர்க்கும் வகை குளிர்காலம் கண்டு, ஆண்டில் ஒரு பருவம் மட்டும் பூப்பது. 2000ஆம் ஆண்டில் செய்த டீ.என்.ஏ. ஆய்வு அதற்கு மூன்று மூதாதையர் இருப்பதைக் காட்டியது: ரோசா கல்லிக்கா, ரோசா மொஸ்காட்டா, மத்திய ஆசியாவின் ரோசா ஃபெட்சென்கோவானா. கொழும்பு வெயிலில் மாதந்தோறும் பூக்கும் செடி அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் பன்னீர் ரோசா என்ற பெயரில் உதிரிப் பூவுக்காகப் பயிரிடப்படுவது பெரும்பாலும் ‘எட்வர்ட்’ ரோசா. அதன் கதை தொடங்கும் இடம் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரீயூனியன் தீவு. அன்று அதன் பெயர் பூர்போன். அத்தீவு விவசாயிகள் வேலிக்காக இரண்டு ரோசாக்களைக் கலந்து நடுவது வழக்கம்: ஒன்று இலையுதிர் காலத்திலும் சிறிது பூக்கும் டமாஸ்க் வகை, மற்றது இளஞ்சிவப்புச் சீன ரோசா. அந்த வேலிகளில் இரண்டும் தாமாகவே கலந்து ஒரு புதிய செடி முளைத்திருந்தது. 1817இல் அங்கு வந்த தாவரவியலாளர் பிரெயோன் அதைக் கவனித்தார். அவர் அனுப்பிய விதைகள் பாரிசுக்கு அருகே நெயியில் ஒர்லியன்ஸ் கோமகனின் தோட்டத்தில் முளைத்தன. ‘எட்வர்ட்’ சேர்ந்திருக்கும் ‘பூர்போன்’ என்ற ரோசாக் குலம் அப்படித்தான் பிறந்தது. டமாஸ்க் வழி வாசனையையும் சீனவழி ஓயாப் பூப்பையும் ஒரே செடியில் சேர்த்துத் தந்தது ஒரு விவசாயியின் வேலி. வெப்பத் தீவில் பிறந்த செடி என்பதால் தமிழ்நாட்டுச் சமவெளி வெயில் அதற்குப் புதிதல்ல. உங்கள் வீட்டுப் பன்னீர் ரோசாவும் மாதம் தவறாமல் பூத்து மணக்கிறதென்றால், டமாஸ்குக்கு முன் இந்தப் பூர்போன் குலத்தை நினைப்பதே பொருத்தம்.

எதைப் பார்த்து இனங்காண்பது?

பூவின் நிறத்தை நம்பி ரோசாவை இனங்காண முடியாது. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப அது மாறும். மாறாத உறுப்புகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் இலையடிச் செதில். இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் சிறகு போல ஒட்டியிருக்கும் சின்னப் பச்சைப் பட்டிதான் அது. ஒரு கைக்கண்ணாடியால் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மழமழப்பாக, ஒடுங்கி, நுனியில் மட்டும் இரு கூர் பிரிந்திருந்தால் சீன வழி. சீப்புப் பல் போலக் கிழிகிழியாக விளிம்பு இருந்தால் அது ரோசா மல்டிஃபுளோரா அல்லது அதன் கலப்பு. இது முக்கியமான எச்சரிக்கை. கடைக் கன்றுகள் பல, மல்டிஃபுளோரா போன்ற ஒட்டுக்கட்டையின்மேல் அரும்பொட்டு முறையில் ஒட்டப்பட்டவை. மேலே ஒட்டிய வகை நோயில் மடிந்தால் கீழ்க்கட்டை தளிர்விட்டு மேலெழும். ‘முந்திச் சிவப்பாகப் பூத்தது, இப்போது பூக்காமல் நீள நீளமாகத் தடிவிடுகிறது’ என்று சொல்லப்படும் செடிகளில் பெரும்பாலும் இதுவே நடந்திருக்கும். அப்படிப்பட்ட தடியை வெட்டி நட்டால் ஒட்டுக்கட்டைதான் கிடைக்கும். ஆகவே தடி எடுக்கும் கிளை, பூத்த கிளையாகவே இருக்கட்டும்.

அடுத்தது சீறிலைகள். ஓர் இலையில் மூன்று அல்லது ஐந்து, மினுமினுப்பாக, நுனி கூராக இருந்தால் சீன, தேயிலை மணக் குலங்கள். ஐந்து முதல் ஏழு, மங்கலான பச்சை, அடிப்பக்கம் மென்மயிர் என்றால் டமாஸ்க் பக்கம். ஏழு முதல் ஒன்பது என்றால் மல்டிஃபுளோரா. முட்களையும் பாருங்கள்: சிறியதும் பெரியதும் நெருக்கமாகக் கலந்திருப்பது டமாஸ்க் வழி, இடைவெளி விட்டு, செந்நிறத்தில், சற்று வளைந்து நிற்பது சீன வழி. தேயிலை மண ரோசாவின் பூவை முகர்ந்தால் புதிதாகத் திறந்த தேயிலைப் பெட்டி போன்ற மணம் வரும். அதற்குக் காரணமான சேர்மம் டைமெத்தொக்சிதொலுயீன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை: ஐந்து புல்லிகள். விரிந்த பூ ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து அடியில் உள்ள ஐந்து பச்சைப் புல்லிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டமாஸ்க், பூர்போன் வழிச் செடிகளில் இரண்டு புல்லிகளின் இரு ஓரத்திலும் இறகு போன்ற கிளைகள் இருக்கும். இரண்டில் ஓரமே வழவழப்பாக இருக்கும். மிஞ்சிய ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் கிளை இருக்கும். மொட்டாக இருந்தபோது எந்த ஓரம் வெளியே தெரிந்ததோ அது கிளைத்தது. அடுத்த புல்லியின் கீழ் மூடுண்ட ஓரம் கிளைக்கவில்லை. சுருளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்ட வரிசையின் தடயம் மலர்ந்த பின்னும் அப்படியே நிற்கிறது. சீன ரோசாவில் புல்லிகள் பெரும்பாலும் கிளையற்றவை. இந்த வேற்றுமை ஒன்றே குலத்தை ஊகிக்கப் பெரிதும் உதவும்.

கடைசியாக, பூவின் நடுவில் எட்டிப் பார்க்கும் தம்பங்கள். தனித்தனியாக நின்றால் சீன, டமாஸ்க் வழிகள். ஒன்றாகத் திரண்டு ஒரே தூணாக நீண்டால் மல்டிஃபுளோராவும் அதன் உறவுகளும். இவ்வளவையும் பார்த்தால் குலம் தெரியும். வகைப் பெயர் உறுதியாகக் கிடைப்பது அரிது.

தடி எப்படி வேர்விடுகிறது?

வெட்டிய தண்டில் வேர் முளைப்பது ஓர் உயிரியல் அதிசயம். தளிர் நுனியிலும் இலையிலும் உருவாகும் ஒட்சின் என்ற ஓமோன், தண்டில் எப்போதும் மேலிருந்து கீழ் நோக்கியே கடத்தப்படுகிறது. மணிக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். முழுச் செடியில் அது வேர் வரை போகும். தண்டை வெட்டியதும் பாதை முடிந்துபோவதால், வெட்டுவாயில் அது தேங்குகிறது. வெட்டுக்காயம் விடுக்கும் சமிக்ஞைகளும் சேர, மாறிழையத்தையும் உரியத்தையும் ஒட்டிய சில கலங்கள் தண்டுக்குரிய தொழிலை மறந்து வேர்த் தொடக்கங்களாகப் பிரிகின்றன. ஒட்சினைப் பிரித்தறிந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வென்ற், 1928இல். இன்று விற்கும் வேர்த்தூளில் உள்ள இந்தோல்பியூற்றரிக் அமிலத்தின் ஆற்றல் 1935இல் அறியப்பட்டது. வேரை இப்படிப் பெறும் செடி தாயின் பிரதி. இன்னும் சரியாகச் சொன்னால் அதே செடிதான், வேறு சாடியில்.

பருவம் பார்க்க வசதி இருந்தால், பெருமழை ஓய்ந்து வெயில் கடுமையாகும் முன் வரும் வாரங்கள் நல்லவை. வீடு நாளை இடிபடும் என்றால் பருவம் பாராமல் எடுங்கள். உரிமையாளரிடம் கேட்டு, அவர் இசைவோடு எடுங்கள். அந்தப் பேச்சில்தான் செடியின் வரலாறும் கிடைக்கும்.

பூ உதிர்ந்து ஒரு கிழமை ஆன கிளையே ஏற்றது. பக்கமாக அழுத்தினால் முள் சுத்தமாகக் கழன்று வர வேண்டும். அதுவே முற்றலுக்கு அடையாளம். பென்சில் பருமன், 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளம், மூன்று நான்கு கணு. நுனி கறுத்து வருவதையும், இலையில் மஞ்சள் நெளிகோடு ஓடுவதையும் விட்டுவிடுங்கள். மஞ்சள் கோடு வைரசுக்கு அடையாளம்; தடியோடு அது உங்கள் வீட்டுக்கும் வரும். வெட்டியதை ஈரமான பத்திரிகைத் தாளில் சுற்றிப் பொலித்தீன் பையில் வைத்து, வெயில் படாமல் கொண்டுவாருங்கள்.

கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே விழட்டும். மேலே இரண்டு இலைகளை வைத்து மிச்சத்தை அகற்றுங்கள். எல்லா இலையையும் உருவிவிட்டு வெறுந்தடியை நடுவது நம்மிடம் பழைய வழக்கம். ரோசாவுக்கு அது நட்டம். வேரை உருவாக்கத் தேவையான வெல்லமும் ஒட்சினும் பெரும்பாலும் அந்த இலைகளிலிருந்தே வருகின்றன. அடியில் ஒரு பக்கம் 2 சென்ரிமீற்றர் அளவுக்குத் தோலை மெல்லச் சீவினால் வேர் வரும் இடம் விரியும். வேர்த்தூள் இருந்தால் தோய்த்து, மிகுதியைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டாலும் சீன, பூர்போன் குலங்கள் தாமாகவே வேர்விடக்கூடியவை. சிலர் தோய்க்கும் இளநீரில் ஒட்சினோடு சைட்டோகைனினும் உண்டு; அது தளிரைத் தூண்டும், மிகுந்தால் வேரைத் தடுக்கும். அதை நம்பியிருக்க வேண்டாம். கறுவாத் தூள் வேரைத் தராது, ஆனால் அதன் எண்ணெய் பங்கசை அடக்கும்.

கழுவிய ஆற்று மணலும் தும்புச்சோறும் சரிபாதி. வெள்ளவத்தைக் கடற்கரை மணல் வேண்டாம். அதன் உப்பு வேரைக் கொல்லும். கூட்டெருவும் இப்போது வேண்டாம். தடியின் பாதி புதையும்படி நட்டு, அடி வெட்டிய ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் மூடுங்கள். வேரில்லாத தடி போதிய நீரை உறிஞ்ச முடியாது. இலையோ ஆவியுயிர்ப்பால் நீரை இழந்துகொண்டே இருக்கும். மூடியின் உள்ளே ஈரம் நிறைந்து நிற்பதால் அந்த இழப்பு அடங்கும். வெளிச்சம் நிறைய வேண்டும், நேர் வெயில் கூடாது. மூடிய போத்தலில் நேர் வெயில் விழுந்தால் தடி வெந்துபோகும்.

குளிர் நாடுகளில் தடியின் அடி 25 பாகை அளவில் சூடாக இருக்க வேண்டுமென்று மின்சூடேற்றிய மேசைகள் வைக்கிறார்கள். கொழும்பில் அந்தச் சூடு இலவசம். நான்கு முதல் எட்டுக் கிழமைக்குள் வேர் வரும். ஆனால் மேலே தளிர் வந்ததும் மகிழ்ந்து மூடியைக் கழற்றிவிடாதீர்கள். தண்டின் சேமிப்பைக் கொண்டே வேரில்லாமல் தளிர் வரும். அடியில் வெண்மையாகத் திரளும் காய இழையமும் வேர் அல்ல. ஒளி ஊடுருவும் கோப்பையில் நட்டால் வேரைக் கண்ணால் காணலாம். பிடுங்கிப் பார்க்கத் தேவையில்லை. கண்டபின் மூடியைச் சில நாள் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கி, பிறகு சாடிக்கு மாற்றுங்கள். முதல் மொட்டைக் கிள்ளிவிட்டால் செடி வேரில் பலம் சேர்க்கும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். இலை பகலில் காயும், கரும்புள்ளிக்கு ஏழு மணி நேரம் கிடைக்காது.

பெயருக்குப் பதில் இடம்

பெர்முடாத் தீவில் 1954இல் ஒரு ரோசாச் சங்கம் தொடங்கினார்கள். பழைய தோட்டங்களில் பெயரிழந்து நின்ற ரோசாக்களைத் தேடிப் பெருக்கியபோது, ஊகப் பெயர் எதையும் அவர்கள் சூட்டவில்லை. கிடைத்த இடத்தின் பெயரையோ வளர்த்தவரின் பெயரையோ வைத்தார்கள். ‘சிமித்ஸ் பரிஷ்’ என்ற பெயரில் காத்து வந்த செடி, சீனாவிலிருந்து வந்த பழைய ஐவண்ண ரோசா என்று பின்னால் பலரும் கருதினார்கள். செடி உயிரோடு இருந்ததால்தான் அந்த ஒப்பீடே முடிந்தது. தவறான பெயரைச் சூட்டியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாமும் அப்படியே செய்யலாம். ‘கொட்டாஞ்சேனை மதிலோர இளஞ்சிவப்பு’ என்பது நேர்மையான பெயர். ஒரு பலகைத் துண்டில் இவற்றை எழுதுங்கள்: எடுத்த வீதி, எடுத்த திகதி, எவ்வளவு காலம் நின்றது என்று வீட்டார் சொன்னது, மாதந்தோறும் பூக்கிறதா, மழைக்காலத்தில் இலை நிற்கிறதா. புல்லி, இலையடிச் செதில், பூவின் பின்பக்கம் ஆகியவற்றைப் படம் பிடித்து வையுங்கள்.

இதில் எதிர்காலத்துக்கும் பங்குண்டு. கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரோசாக்களை உருவாக்கப் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் நாடியவை மணிப்பூர் மலையின் ரோசா ஜைகன்டியாவும், வங்கத்தின் நீர்நிலைக் கரைகளில் வளரும் ரோசா கிளைனோஃபில்லாவும். தாவரவியலாளர் ஈ. கே. ஜானகி அம்மாளின் பெயரிலும் ஒரு ரோசாவை அவர்கள் தந்தார்கள். வெப்பமும் ஈரமும் தாங்கும் பரம்பரையலகுகள் அவ்வளவு அரியவை. அவற்றைத் தேடிக் காட்டுக்கும் சதுப்புக்கும் போக வேண்டியிருக்கிறது. நம் ஒழுங்கைகளில் தாமாகவே தேறி நிற்கும் செடிகளைப் பெட்டகமாகக் கருதாமல் இருக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரு தடி வேர்விட்டதும் இன்னும் இரண்டு போட்டு, ஒன்றை வேறொரு வீட்டுக்குக் கொடுங்கள். ஒரே இடத்தில் நிற்கும் செடியை ஒரு நோயோ ஒரு கட்டடமோ ஒரே நாளில் அழித்துவிடும். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பல்கனியில் ஒன்று, கொட்டாஞ்சேனை முற்றத்தில் ஒன்று, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வளவில் ஒன்று என்று பரவிய ரோசாவை அழிப்பது கடினம். இந்தக் கிழமை உங்கள் ஒழுங்கையில் விற்பனைப் பலகை தொங்கும் வீட்டின் படலையைத் தட்டி, அந்தச் செடியைப் பற்றிக் கேளுங்கள்.